பாலியில் நட்புக்கு எத்தனை நாள்?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் வந்து இறங்கும் பல நாட்டவருக்கு விமான நிலையத்திலேயே 30 நாள் விசா கிடைத்துவிடுகிறது. ஒருமுறை நீட்டித்துக்கொண்டால் 60 நாள். அந்த 60 நாளில் அறிமுகங்களுக்குப் பஞ்சமே இருக்காது. சாங்கு கடற்கரைப் பக்கத்திலோ ஊபுட் நகரத்தின் காபிக் கடைகளிலோ காலையில் போய் உட்கார்ந்தால், மதியத்துக்குள் நாலு நாட்டுக்காரர்களின் கைபேசி எண் சேர்ந்துவிடும். காய்ச்சலில் படுத்தால் ஒரு வாய் கஞ்சி கொண்டுவர யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தடுமாறுவார்கள்.

நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால். அண்மையில் ஊர் மாறிய 355 பேரிடமும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த 112 மாணவர்களிடமும் விவரம் திரட்டி 2018-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். வெறும் பழக்கம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும். நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். இதை 60 நாளுக்குப் பிரித்துப் பார்த்தால், ஒரே ஆளோடு தினமும் ஒன்றரை மணி நேரம் கழித்தால்தான் அவர் நண்பர். நெருங்கிய நண்பராக வேண்டுமானால் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

சுற்றுலா வந்தவருக்கு இது கைகூடாது. வருடக்கணக்கில் தங்க வந்தவருக்கும் தானாகக் கைகூடிவிடுவதில்லை. பாலியில் கடந்த நூறு வருடங்களாக ஓவியர்கள், இசைக்கலைஞர்கள், மானிடவியலாளர்கள், வணிகர்கள், இப்போது மடிக்கணினியோடு வரும் இளைஞர்கள் என்று வெளிநாட்டவர் வந்து குடியிருந்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு ஊரில் ஆள் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஊர் வேலையில் கைகொடுத்தவர்களுக்கும் ஊரின் சங்கடத்தில் உடன் நின்றவர்களுக்கும் நட்பு அமைந்திருக்கிறது. நட்பை மட்டுமே தேடிப் போனவர்களுக்கு அறிமுகங்களோடு நின்றுபோயிருக்கிறது.

ஊர் கண்டுகொள்ளாத இருவர்

1958 ஏப்ரலில் அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸும் அவர் மனைவி ஹில்ட்ரட் கீர்ட்ஸும் மலேரியாவோடு ஒரு பாலி கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சுமார் 500 பேர் வாழும் ஊர். ஊரார் அவர்களை விரட்டவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. தெருவில் நடந்தால் இருவரும் அங்கே இல்லாதது போலவே பார்வை அவர்களைக் கடந்து போகும். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் எதிரில் இருப்பவர் மெல்ல நகர்ந்துவிடுவார். நகர வழியில்லாதவர் ஒரு முனகலோடு நிறுத்திக்கொள்வார். இவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்பதெல்லாம் ஊருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதைக் கீர்ட்ஸ் பிறகுதான் அறிந்துகொண்டார்.

பத்து நாள் போலக் கழிந்தது. புதிய பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்ட ஊரார் பொதுச் சதுக்கத்தில் சேவல் சண்டை நடத்தினார்கள். அரசு அதைத் தடை செய்திருந்த காலம் அது. மூன்றாவது சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு லாரி நிறைய ஆயுதப் போலீசார் வந்து குதித்தார்கள். கூட்டம் மூலைக்கொன்றாகச் சிதறி ஓடியது. கீர்ட்ஸ் தம்பதியும் ஓடினார்கள். முன்னால் ஓடியவர் தன் வீட்டு வளாகத்துக்குள் நுழைய, இவர்களும் பின்னாலேயே நுழைந்தார்கள். அந்த வீட்டுக்காரரின் மனைவி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மேசையை எடுத்துப்போட்டு, துணி விரித்து, மூன்று நாற்காலியும் மூன்று கோப்பைத் தேநீரும் வைத்துவிட்டார். மூவரும் மூச்சு வாங்கியபடி தேநீர் விருந்தாளிகளாக உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர் வந்து வெள்ளைக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று அதட்டினார். இவர்கள் அமெரிக்கப் பேராசிரியர்கள், அரசு அனுமதியோடு வந்தவர்கள், பாலிப் பண்பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதப் போகிறார்கள், மதியம் முழுக்க இங்கேதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் மூச்சுவிடாமல் எடுத்துச் சொன்னார். அதுவரை கீர்ட்ஸோடு பேசியே இராத மனிதர் அவர்.

மறுநாள் ஊர் தலைகீழாக மாறியிருந்தது. எல்லோரும் இவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி நடந்ததைக் கேட்டார்கள். ஓடிய விதத்தை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். சேவல் சண்டைப் பக்கமே எட்டிப் பார்க்காத முதிய பிராமணப் பூசாரியும் தன் முற்றத்துக்கு அழைத்து விசாரித்து மகிழ்ந்தார். ஆவணங்களைக் காட்டிவிட்டு நிம்மதியாக நின்றிருக்கலாமே, ஏன் ஓடினீர்கள் என்பதுதான் எல்லோர் கேள்வியும். 1972-ல் வெளியான அவருடைய சேவல் சண்டைக் கட்டுரை இந்த நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறது. உலகெங்கும் மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் கட்டுரை அது.

கீர்ட்ஸ் தம்பதியின் கையில் ஊராருக்கு இல்லாத பாதுகாப்பு இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் ஊராரோடு சேர்ந்து ஓடினார்கள். ஊரின் கண்ணுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் போலீஸ் லாரிக்காகக் காத்திருந்து யாரும் நண்பர்களைச் சேர்க்க முடியாது. அன்றாட வாழ்க்கையில் அதற்கான இடம் எங்கே இருக்கிறது?

கை வேலையில், வாய் பேச்சில்

பாலியின் ஊர் வாழ்க்கை பஞ்ஜார் என்ற அமைப்பின் மேல் நிற்கிறது. சில பத்துக் குடும்பங்களிலிருந்து சில நூறு குடும்பங்கள் வரை சேர்ந்த அண்டைவட்டாரம் அது. அதற்கென்று நாலுபக்கமும் திறந்த ஒரு மண்டபம் உண்டு. மண்டபத்தை ஒட்டிய கோபுரத்தில் குல்குல் என்ற, உள்ளே குடைந்த மரக்கட்டை தொங்கும். அதைத் தட்டும் முறையை வைத்தே கூட்டமா, சாவா, தீவிபத்தா என்று தெரிந்துகொள்வார்கள். ஒரு வீட்டில் சாவு என்றால் பஞ்ஜார் முழுவதும் அந்த வீட்டு வாசலில் இருக்க வேண்டும். கோயில் திருவிழா என்றால் வீட்டுக்கு ஒருவர் உடலுழைப்புத் தர வேண்டும். இந்தச் சேவையை ஙயா என்கிறார்கள். கூலி கிடையாது. வராதவர் அபராதம் கட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

பெரிய சடங்கு நாட்களில் விடிவதற்கு வெகு முன்பே ஆண்கள் மண்டபத்தில் கூடிவிடுவார்கள். இரண்டு வரிசையாக எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு தடித்த மரப்பலகையும் அகலமான கனத்த கத்தியுமாகத் தொடங்குவார்கள். ஒருவர் பன்றி இறைச்சியைக் கொத்துவார். இன்னொருவர் மஞ்சள், இஞ்சி, சிற்றரத்தை, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் என்று மசாலாவைப் பொடிப்பொடியாக நறுக்குவார். வேறொருவர் சுட்ட தேங்காயைத் துருவுவார். எல்லாம் கலந்து லாவார் என்ற உணவு தயாராகும். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டிய பண்டம். கத்திச் சத்தத்தின் நடுவே காபி வரும், கிராம்புச் சிகரெட் கைமாறும், நேற்றைய கால்பந்து முதல் நிலத்தின் விலை வரை பேச்சு ஓடும். இன்னொரு பக்கம் பெண்கள் இளந்தென்னை ஓலையைச் சிறு கத்தியால் கீறி, மூங்கில் சிம்புகளால் குத்தி, படையலுக்கான தட்டுகளை முடைந்துகொண்டிருப்பார்கள். கண் பார்க்காமலே விரல் வேலை செய்யும் அளவுக்குப் பழகிய கை. பேச்சு மட்டும் நிற்காது.

ஜெஃப்ரி ஹாலின் ஆய்வில் இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்க்கும் நேரம் நட்பை அவ்வளவாக வளர்ப்பதில்லை. சும்மா சேர்ந்திருந்து கேலி பேசிச் சிரிக்கும் நேரமே வளர்க்கிறது என்று அவர் கண்டார். அப்படியானால் கூட்டு வேலை எப்படி நட்பைத் தரும்? பஞ்ஜார் மண்டபத்து வேலையில் மேலதிகாரி இல்லை, சம்பளம் இல்லை, போட்டி இல்லை. கைக்கு வேலை இருப்பதால் புதிதாக வந்தவர் என்ன பேசுவது என்று தவிக்க வேண்டியதில்லை. பேச்சு வந்தால் சேர்ந்துகொள்ளலாம். வராவிட்டால் பூண்டு உரித்துக்கொண்டிருக்கலாம். மொழி அரைகுறையாக உள்ளவருக்கு இதைவிடத் தோதான சபை அமைவது கடினம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரெபெக்கா ஆடம்ஸ் நட்பு முளைக்க மூன்று நிலைமைகளைச் சொல்கிறார்: அருகருகே இருப்பது, திட்டமிடாமல் அடிக்கடி சந்திப்பது, மனம் விட்டுப் பேச இடம் தரும் சூழல். இதில் முதலாவதின் வலிமையை 1950-லேயே லியோன் ஃபெஸ்டிங்கரும் அவர் குழுவினரும் காட்டியிருந்தார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர் குடியிருப்பில் உங்கள் நண்பர்கள் யார் என்று கேட்டபோது, அடுத்த கதவுக்காரர்களில் 41 விழுக்காட்டினர் நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டார்கள். அதே மாடியின் மறுகோடியில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான். குணமோ கொள்கையோ ஒத்துப்போவதற்கு முன்பே, வாசல்கள் அருகருகே இருந்தது வேலை செய்திருக்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், மதில் சூழ்ந்த தனி வில்லாவில் குடியேறும் வெளிநாட்டவர் முதல் நாளே ஒரு பெரிய வாய்ப்பைக் கைவிட்டுவிடுகிறார். வயல் நடுவே அழகான தனிமை கிடைக்கிறது, அண்டைவீடு கிடைப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்து, மோட்டார் சைக்கிளில் வெளியேறுகிறவரை ஊர் பார்க்கிறதே தவிரச் சந்திப்பதில்லை. பஞ்ஜார் வீடுகளின் நடுவே அறை எடுத்து, தினமும் ஒரே வாருங்கில், அதாவது தெருவோரச் சின்னச் சாப்பாட்டுக் கடையில், சோறு சாப்பிடுபவருக்கு அந்தத் திட்டமிடாத சந்திப்புகள் தாமே அமைகின்றன. எங்கே போகிறீர்கள், சாப்பிட்டாயிற்றா, குளித்தாயிற்றா என்று தெருவில் விசாரிப்பார்கள். இவற்றைத் துருவல் என்று எடுத்துக்கொண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. அவை அங்கே வணக்கத்துக்குச் சமம். சும்மா ஒரு சுற்று என்று சிரித்துச் சொன்னால் போதும். வயதில் மூத்த ஆணை பிளி என்றும் பெண்ணை ம்போக் என்றும், அண்ணன் அக்கா முறையில், கூப்பிடப் பழகியவருக்குப் பேச்சு இன்னும் எளிதாகும்.

இதில் நாள்காட்டிக்கும் பங்கு உண்டு. பாலியின் சடங்கு நாள்காட்டி 210 நாள் சுற்று. கலுங்கான் பண்டிகையும் பெரும்பாலான கோயில்களின் ஆண்டுவிழாவும் இந்தச் சுற்றில்தான் வருகின்றன. ஊரோடு ஒரு முழுச் சுற்று இருந்தவருக்கே எந்த வீட்டில் எப்போது என்ன வேலை என்பது பிடிபடும். விமான நிலைய விசாவைவிட நீண்ட வருகையாளர் விசாவில் நீட்டித்து நீட்டித்துத் தங்குபவர் வழக்கமாக 180 நாளில் கிளம்பிவிட நேர்கிறது. ஊரின் சுற்று முடிவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் விமானம் ஏறிவிடுகிறார்.

தனியே வாசிக்க முடியாத இசை

கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ, நியூயார்க்கில் சில இசைத்தட்டுகளைக் கேட்டு மயங்கி 1931-ல் பாலிக்கு வந்தவர். ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் சயான் என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டு, இடையில் சில முறை நாடு திரும்பியது போக, 1938 வரை அங்கே வாழ்ந்தார். அவர் கற்க வந்தது கமெலான் என்ற வெண்கல இசைக்குழுவின் இசையை.

அந்த இசையின் அமைப்பே ஒருவரை இன்னொருவரிடம் கட்டிப்போடுகிறது. பெரும்பாலான கருவிகளுக்கு ஒரு ஜோடி உண்டு. இரண்டின் சுருதியையும் வேண்டுமென்றே மயிரிழை விலக்கி வைப்பார்கள். இரண்டும் ஒன்றாக ஒலித்தால்தான் அலையடிப்பது போன்ற அந்த அதிர்வு எழும். வேகமான பகுதிகளில் ஒரே மெட்டை இரண்டாகப் பிரித்து, ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் தட்ட வேண்டும். ஒருவர் பங்கைத் தனியாகக் கேட்டால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். எதிரில் இருப்பவரின் கையையும் மூச்சையும் கவனிக்காமல் ஒரு வரிகூட நகராது. இன்றும் பாலியில் தங்கி கமெலான் கற்கும் ஜப்பானியர்கள், அமெரிக்கர்கள், ஐரோப்பியர்கள் பலர். வாரத்தில் சில இரவுகள் பஞ்ஜார் மண்டபத்தில் ஒத்திகை நடக்கும். ஹால் சொன்ன 200 மணி நேரம் அங்கே யாரும் எண்ணாமலேயே சேர்ந்துவிடும்.

மெக்ஃபீ கற்றதோடு நிற்கவில்லை. வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய இசை வகைகளை மீட்கப் பணமும் உழைப்பும் தந்தார். சயான் சிறுவர்களுக்காக ஒரு கமெலான் குழு அமையக் காரணமாக இருந்தார். அவர் எழுதிய பாலி இசை பற்றிய பெருநூல் அவர் இறந்தபின் 1966-ல் வெளிவந்தது. துறையின் அடிப்படை நூலாக அது நீடிக்கிறது.

அவருக்கு முன்பே 1927-ல் ஊபுடில் குடியேறியவர் ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸ். ஊபுட் அரச குடும்பம் அவரை வரவேற்று இடம் கொடுத்தது. 1936-ல் அவரும் டச்சு ஓவியர் ருடால்ஃப் போனேயும், ஊபுட் அரச குடும்பத்தின் சோகோர்டா கெடெ அகுங் சுகாவதியும், சிற்பியும் கட்டடக் கலைஞருமான குஸ்தி ஞோமான் லெம்பாடும் சேர்ந்து பிதா மஹா என்ற கலைஞர் சங்கத்தை உருவாக்கினார்கள். நல்ல படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சிகளுக்கு அனுப்புவது அதன் பணி. விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே வேலையைத் தோளில் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த நட்புகளைப் பேசும்போது அவை நின்ற தரையையும் சொல்லியாக வேண்டும். டச்சுப் படைகள் 1906-லும் 1908-லும் தெற்கு பாலியின் அரசுகளை நசுக்கின. அரச குடும்பங்கள் பகைவரின் துப்பாக்கிக்கு நேரே நடந்துபோய் மாண்டன. அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துத்தான் இந்தக் கலைஞர்கள் வந்தார்கள். குடியேற்ற ஆட்சி தந்த பாதுகாப்பில், மலிவான பணியாளர்களோடு வாழ்ந்தார்கள். நட்பு உண்மையாகவே இருந்தாலும், இரு தரப்பும் சமதரையில் நிற்கவில்லை.

சமோவாவில் ஒரு சாலை

பாலிக்கு வெளியேயும் இதைப் பார்க்கலாம். பசிபிக்கின் சமோவாவில் நடந்த ஒன்று, துயரத்தில் காட்டும் உதவி எதை உண்டாக்கும் என்பதற்குச் சரியான சாட்சி. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890-ல் அங்கே உபோலு தீவில் நிலம் வாங்கிக் குடியேறினார். 1893-ல் நடந்த உள்நாட்டுச் சண்டையில் மத்தாஃபா என்ற தலைவர் தோற்று நாடுகடத்தப்பட, அவர் பக்கம் நின்ற குடித்தலைவர்கள் அப்பியா நகரச் சிறையில் அடைபட்டார்கள். ஸ்டீவன்சன் சிறைக்கு நேரில் போனார். உணவும் புகையிலையும் அனுப்பினார், மருத்துவம் கிடைக்க வழி செய்தார். ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1894-ல் விடுதலையான தலைவர்கள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கவில்லை. ஸ்டீவன்சனின் வீட்டுக்குச் செல்லும் பாதையைத் தங்கள் கையாலேயே சாலையாகப் போட்டுக் கொடுத்தார்கள். அதே வருடம் டிசம்பர் 3-ல் அவர் இறந்தபோது, அடுத்தடுத்த மணி நேரங்களில் காட்டை வெட்டி வழியமைத்து, அவர் உடலை வாயா மலையுச்சிக்குத் தூக்கிச் சென்றவர்களும் சமோவா மக்கள்தான்.

நாலு வருடத்தில் ஒரு நோயாளி எழுத்தாளர் இவ்வளவு உறவைச் சம்பாதித்தார். நிலம், புகழ், பணம் எல்லாம் அவருக்கு முன்பே இருந்தவை. அவற்றுக்காக யாரும் சாலை போடவில்லை.

தம்மவர் வட்டம்

வெளிநாட்டவர் தங்களுக்குள் பழகுவதைக் கேவலமாகப் பேசும் வழக்கம் ஒன்று உண்டு. அது நியாயமில்லை. 1977-ல் ஸ்டீஃபன் போச்னரும் உடன் ஆய்வாளர்களும் ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களின் நட்புகளை ஆராய்ந்தார்கள். மூன்று வட்டங்கள் தெரிந்தன. சொந்த நாட்டவரோடு மனம் விட்டுப் பேசித் தங்கள் பண்பாட்டைக் காத்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களிடம் படிப்புக்கும் காரியத்துக்கும் உதவி பெற்றார்கள். பிற நாட்டு மாணவர்களோடு பொழுதைக் கழித்தார்கள். மூன்றும் மூன்று விதமான தேவையை நிறைவேற்றின. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

தாய்மொழியில் புலம்ப ஒருவர் வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதிய ஊரில் எந்த மருத்துவர் நல்லவர், விசாவுக்கு எந்த முகவரை நம்பலாம் என்று சொல்லவும் முன்னால் வந்தவர்தான் வேண்டும். சிக்கல் அந்த வட்டத்திலேயே தங்கிவிடும்போது தொடங்குகிறது. சமூகவியலாளர் எரிக் கோஹன், அதே 1977-ல் வெளிநாட்டவர் குடியிருப்புகளை ஆராய்ந்தபோது, தங்களுக்குப் பழகிய சூழலைக் குமிழி போலச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழும் போக்கை விவரித்தார். சொந்தப் பள்ளி, சொந்த மன்றம், சொந்தக் கடை. குமிழி வசதியானது. ஆனால் அதற்குள் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள்.

பாலியில் அந்தக் குமிழியின் புதிய வடிவம் கூட்டுப் பணியிடங்கள். ஊபுடில் 2013-ல் மூங்கில் கட்டடத்தில் தொடங்கிய ஹுபுட் அவற்றில் முன்னோடி. ஒருவர் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கூட்டங்கள் அங்கே வழக்கமாக நடந்தன. வந்த மறுவாரமே பத்துப் பேரைத் தெரிந்துகொள்ள முடிந்தது. இந்த உலகைப் பாலியிலேயே களஆய்வு செய்து ரேச்சல் வோல்டாஃப், ராபர்ட் லிட்ச்ஃபீல்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2021-ல் நூல் வெளியிட்டார்கள். வேலையை விட்டு, ஊரை விட்டு வந்த ஒரே அனுபவம் உள்ளவர்கள் ஆகையால் வெகு சீக்கிரம் நெருங்கிவிடுகிறார்கள். அதே வேகத்தில் பிரிந்தும் போகிறார்கள். தங்குபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சில வருடம் இப்படிப் போனபின், புதிதாக வந்தவரிடம் எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்பதையே முதல் கேள்வியாகக் கேட்கப் பழகிவிடுகிறார்கள். மூன்று மாதம் என்று பதில் வந்தால் மனம் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஹுபுட் ஊபுடில் இருந்த தன் இடத்தை 2020-ல் மூடியது.

பணம் போட்ட மதில்

நட்புக்குக் குறுக்கே நிற்பவற்றில் பெரியது மொழி என்று பலர் நினைக்கிறார்கள். இந்தோனேசிய மொழியின் அன்றாடப் பேச்சைச் சில மாதங்களில் பிடித்துவிடலாம். பணம் எழுப்பும் மதில் அவ்வளவு எளிதில் இறங்காது.

2024-ல் பாலி மாகாணத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் சுமார் 28 லட்சம் ரூபியா. அதே வருடம் இந்தோனேசியா, வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஓராண்டு தங்கும் அனுமதியை அறிமுகப்படுத்தியது. அதற்கு விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் குறைந்தது 60,000 டாலர் இருக்க வேண்டும். மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 8 கோடி ரூபியா. இந்த அனுமதியில் வரும் வெளிநாட்டவரில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவரின் வருமானமே, பக்கத்து வீட்டுத் தொழிலாளியின் சம்பளத்தைப் போலச் சுமார் 28 மடங்கு. இந்த இடைவெளியில் நட்பு முளைக்காது என்றில்லை. ஆனால் அது எப்போதும் பாரம் சுமக்கிறது. வெளிநாட்டவர் முதலில் பழகும் உள்ளூர்க்காரர்கள் வீட்டுச் சொந்தக்காரர், கார் ஓட்டுநர், சமையல் செய்பவர். சம்பளம் தருபவர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டிய நிலையில் உள்ளவரின் சிரிப்பை வைத்து நட்பை அளக்க முடியாது. கடன் கேட்டதும் நட்பு கசந்தது என்று வெளிநாட்டவர் வருந்துகிறார்கள். பஞ்ஜார் வாழ்க்கையில் கைமாற்றும் கடனும் உறவின் பகுதியே என்பதையும், திருப்பிக் கைகொடுக்க வாய்ப்பே தராத உறவு மறுதரப்புக்கு அவமானம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கசப்பு புரியும்.

ஊருக்கும் தன் எல்லைகள் உண்டு. பாலி அரசு 2019-ல் கொண்டுவந்த மரபுக் கிராமங்கள் பற்றிய மாகாணச் சட்டம், ஊரில் இருப்போரை மூன்றாகப் பிரிக்கிறது: முழு உறுப்பினரான பாலி இந்துக்கள், வேறு ஊரில் உறுப்பினராக இருந்து இங்கே வாழும் பாலி இந்துக்கள், இந்த இரண்டிலும் சேராத மற்றவர்கள். வெளிநாட்டவர் இருபது வருடம் தங்கினாலும் அவர் இடம் மூன்றாவதில்தான். கோயில் வேலைக்குச் சென்றால் இடுப்புத் துணியும் கச்சையும் கட்டியாக வேண்டும். வீட்டில் அண்மையில் சாவு நேர்ந்தவர்களும் மாதவிலக்கில் உள்ள பெண்களும் கோயிலுக்குள் வரக் கூடாது என்ற வழக்கம் எல்லோருக்கும் பொருந்தும். தான் முழு உறுப்பினர் ஆகப் போவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அந்த விளிம்பில் நின்று செய்யக்கூடிய வேலையைத் தேடுபவர்கள் நிலைத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து வந்த ஜேனட் டெனீஃப் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். ஊபுடைச் சேர்ந்த கெதுட் சுவர்தானாவை மணந்து, அங்கே உணவகமும் சமையல் பள்ளியும் நடத்தியவர். 2002 அக்டோபர் 12-ல் கூட்டாவில் குண்டுவெடித்து 202 பேர் இறந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றுபோய், தீவு பிழைப்பின்றித் தவித்தது. அந்தக் காயத்துக்கு மறுமொழியாக 2004-ல் அவர் கணவரோடு சேர்ந்து தொடங்கியதுதான் ஊபுட் எழுத்தாளர் வாசகர் விழா. ஊபுடை அடுத்த ஞூ கூனிங்கில் ஏழைத் தாய்மாருக்கு இலவசப் பேறுகாலச் சேவை நடத்தும் அமெரிக்க மருத்துவச்சி ராபின் லிம் இன்னொருவர். 2011-ல் சிஎன்என் தொலைக்காட்சி அவருக்கு ஆண்டின் நாயகர் என்ற சிறப்பைத் தந்தது. இவர்களைப் போலப் பெரிய நிறுவனம் கட்ட எல்லோராலும் முடியாது. தேவையும் இல்லை. பாலியின் புத்தாண்டான ஞெபிக்கு முந்தைய மாலை ஊர்வலம் போகும் ஓகோ-ஓகோ பூத உருவங்களைப் பஞ்ஜார் இளைஞர்கள் வாரக்கணக்கில் இரவு விழித்துச் செய்வார்கள். மூங்கில் பிளக்கவும் காகிதம் ஒட்டவும் ஆள் எப்போதும் தேவை. ஞெபி அன்று 24 மணி நேரம் விளக்கில்லை, வேலையில்லை, பயணமில்லை. விமான நிலையமும் மூடிக்கிடக்கும். அதற்கு மறுநாள் அண்டைவீடுகளுக்குப் போய் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். புதிதாகக் குடிவந்தவர் ஒரு பொட்டலம் பலகாரத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட, வருடத்தில் அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

கேட்கப்படாத தரப்பு

இதுவரை பார்த்த ஆய்வுகளில் ஊர் விட்டு ஊர் வந்தவர்களைப் பற்றியவை எல்லாம் ஒரே திசையிலிருந்து கேட்கின்றன. ஹால் ஊர் மாறியவர்களிடம் கேட்டார். போச்னர் வெளிநாட்டு மாணவர்களிடம் கேட்டார். வோல்டாஃபும் லிட்ச்ஃபீல்டும் மடிக்கணினிக்காரர்களிடம் கேட்டார்கள். கீர்ட்ஸின் கதையையும் கீர்ட்ஸ்தான் சொல்கிறார். மேசையும் தேநீரும் வைத்த அந்தப் பெண் அன்று என்ன நினைத்தார் என்பது பதிவாகவில்லை. உனக்கு நண்பர்கள் கிடைத்தார்களா என்று வந்தவரிடம் கேட்கும் அக்கறை, இவரால் உங்களுக்கு ஒரு நண்பர் கிடைத்தாரா என்று ஊராரிடம் கேட்பதில் இருந்ததில்லை.

அந்தப் பக்கத்திலும் இழப்பு இருக்கிறது. மொழி சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளின் பெயர் சொல்லி அழைக்கப் பழக்கி, பண்டிகைக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறிய குடும்பம், குத்தகை முடிந்ததும் வெறும் வீட்டைப் பார்த்து நிற்கிறது. அடுத்த ஆள் வருகிறார். மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். மூன்று மாதம் என்று கேட்டதும் ஒதுங்கிக்கொள்ளும் உரிமை வெளிநாட்டவருக்கு இருக்கிறது என்றால், வீட்டுக்காரருக்கும் இருக்கத்தான் வேண்டும். முதல் பத்து நாள் கீர்ட்ஸ் தம்பதியை ஊர் பார்த்தும் பாராமல் விட்டதில் அப்படி ஒரு தற்காப்பும் கலந்திருக்கலாம்.

ஆகவே இந்தத் துறையில் அடுத்த ஆய்வு பஞ்ஜார் மண்டபத்திலிருந்து தொடங்க வேண்டும். கேள்விகளும் மாற வேண்டும். சாவு வீட்டுக்கு எந்த வெளிநாட்டவர் வந்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்? ஓகோ-ஓகோ செய்த இரவுகளில் யார் கூட இருந்தார்? 2020-ல் தொற்றுக்காலத்தில் பாலியின் பொருளாதாரம் 9 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியபோது, வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவர் யார், முன்கூட்டியே கொடுத்துதவியவர் யார்? ஊரை விட்டுப் போனபின் யார் கடிதம் எழுதினார்கள், யார் திரும்பி வந்தார்கள்? இந்தப் பதில்களைப் பாலி மொழியிலேயே கேட்டுத் தொகுக்கும் வேலையைப் பாலியின் சொந்த ஆய்வாளர்களே செய்ய முடியும். வெளிநாட்டவருக்கான வழிகாட்டிகளை எழுதுகிறவர்கள் அதன்பின் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.